கையில் குழந்தை, முன்னால் ஸ்ட்ரோலர், பின்னால் மூன்று பெட்டி: தனியாக விமானம் ஏறுகிறேன், வழி சொல்லுங்கள்

#1 மழலைமொழி

வணக்கம். ஒரு வருடமாக இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. இப்போது கேட்டே ஆக வேண்டிய நிலை.

அடுத்த மாதம் மகளைத் தூக்கிக்கொண்டு தனியாக விமானம் ஏறுகிறேன். கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை. முதல் விமானம் 4 மணி நேரம். இறங்கி 2 மணி 10 நிமிடத்தில் அடுத்தது, அது 9 மணி நேரம். இரண்டும் ஒரே டிக்கெட். போய் இறங்கும் இடத்தில் தம்பி காரோடு வந்து நிற்பான். மகளுக்கு அன்றைக்கு 22 மாதம் முடிந்திருக்கும். 12 கிலோ, 84 செ.மீ. மடியில் வைத்துக்கொள்ளும் டிக்கெட்தான் எடுத்திருக்கிறோம். மூன்று மாதம் கழித்துத் திரும்புகிறோம்.

கொண்டுபோவது: 23 கிலோ பெட்டி இரண்டு. சக்கரம் வைத்த கைப்பெட்டி ஒன்று. டயப்பர் பை. வீட்டில் இருக்கும் பெரிய ஸ்ட்ரோலர். கார் சீட், அது மட்டும் 11 கிலோ. பேட்டரியில் ஓடும் பால் சூடாக்கி, பவர் பேங்க். இந்த இரண்டையும் பெரிய பெட்டிக்குள் போட்டுவிட்டால் கைச்சுமை குறையும் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு சின்னப் பொம்மைப் பை, அதை மகளே தூக்கிக்கொள்வாள்.

ஸ்ட்ரோலரை விமான வாசல் வரை தள்ளிக்கொண்டு போக விடுவார்களா? கார் சீட்டை என்ன செய்வது? முன் வரிசையில் தொட்டில் மாட்டிக் கொடுப்பார்களாமே, கேட்கலாமா? பட்டியலில் எதையாவது விட்டிருந்தால் சொல்லுங்கள்.

#2 தூங்காதவன்

"மகளே தூக்கிக்கொள்வாள்." சரி.

மன்னிக்கவும், சிரித்துவிட்டேன். எங்கள் வீட்டிலும் ஒருத்தர் அப்படித்தான் சபதம் செய்தார். வாசற்படி தாண்டும்வரை தூக்கினார்.

#3 பழையபயணி

சகோதரி, நீங்கள் பெட்டிகளை எண்ணியிருக்கிறீர்கள். கைகளை எண்ணுங்கள். உங்களுக்குக் கை இரண்டு. ஒன்று ஸ்ட்ரோலரைப் பிடிக்கும். ஸ்ட்ரோலரில் உட்கார மாட்டேன் என்று மகள் அடம்பிடிக்கும் நேரத்தில் இன்னொன்று அவளைப் பிடிக்கும். 22 மாதத்தில் அந்த நேரம் அடிக்கடி வரும். அப்புறம் பாஸ்போர்ட்டை நீட்ட ஒரு கை, கைப்பெட்டியை இழுக்க ஒரு கை, கார் சீட்டுக்கு இரண்டு கை. ஆறு கை ஆகிவிட்டது.

செக்-இன் கவுண்ட்டர் வரை யாராவது கூட வருவார்கள், டிராலியும் இருக்கும். அதற்கு அந்தப் பக்கம் எதெல்லாம் உங்களோடு வருகிறதோ அதுதான் பிரச்சினை. கவுண்ட்டர் தாண்டியபின் கையில் பிடிக்கும் பொருள் ஒன்றுதான் இருக்கலாம், அது ஸ்ட்ரோலர். மீதி முதுகில் ஏற வேண்டும், அல்லது விமானத்தின் வயிற்றுக்குள் போக வேண்டும். சக்கரம் வைத்த கைப்பெட்டியை முதல் வேலையாக விட்டுவிடுங்கள். முதுகுப்பை ஒன்று போதும். டயப்பர் பை என்று தனியாக ஒன்று வேண்டாம், அதையும் முதுகுப்பைக்குள்ளேயே அடக்குங்கள்.

#4 ஜன்னலோரம்

விமானப் பணிப்பெண்ணாக 8 வருடம் இருந்தேன், இப்போது இல்லை. தெரிந்த வரையில் சொல்கிறேன்.

பவர் பேங்கைப் பெரிய பெட்டிக்குள் போடவே கூடாது. லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் நாங்கள் அணைக்கலாம், சரக்கு அறையில் யார் போய் அணைப்பது? அதனால் உதிரி பேட்டரிகளும் பவர் பேங்கும் கைப்பையில் மட்டும்தான். பேட்டரியின் கொள்ளளவு 100 வாட்-மணி வரை என்றால் பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை. 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் சுமார் 74 வாட்-மணி வரும், அதற்குள் அடங்கிவிடும். வாட்-மணி அளவு அதன் உடம்பிலேயே அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அழிந்துபோயிருந்தால் சோதனையில் பிடுங்கிக்கொள்ள வாய்ப்பு உண்டு. பால் சூடாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பேட்டரி, சூடாகும் பொருள் இரண்டும் சேர்ந்த சாதனத்தைப் பற்றி ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொன்று சொல்லும். கேட்டால் ஊழியர்கள் சுடுநீர் தருவார்கள். ஒரு குவளையில் வாங்கிப் பால் புட்டியை அதில் வைத்தால் வேலை முடிந்தது.

தொட்டில் உங்களுக்கு உதவாது. பெரும்பாலும் 10, 11 கிலோ அளவில்தான் எல்லை வைத்திருப்பார்கள், உங்கள் மகள் 12. முன் வரிசையில் வேறு சில சங்கடங்களும் உண்டு. காலடியில் பை வைக்க முன்னிருக்கை இல்லாததால், ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லாப் பையும் மேலே போய்விடும். குழந்தை அழும்போது உங்களுக்கு வேண்டியது மேலே இருக்கும், பெல்ட் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். தட்டு மேசை கைப்பிடிக்குள் இருப்பதால் அந்தக் கைப்பிடியும் மேலே தூக்க வராது, பிள்ளையைக் குறுக்கே படுக்க வைக்க முடியாது. தொட்டில் இல்லையென்றால் முன் வரிசை வேண்டாம் என்பது என் கட்சி.

#5 இரட்டையர்அப்பா

எல்லோரும் போகிற பயணத்தையே பேசுகிறீர்கள். தோழி, திரும்பி வரும்போது மகளுக்கு வயது என்ன? 22 மாதம் முடிந்து கிளம்பி மூன்று மாதம் தங்கினால் இரண்டு வயது தாண்டிவிடுமே?

#6 மழலைமொழி

அய்யோ.

25 மாதம். இதை யோசிக்கவே இல்லை. டிக்கெட் போட்டவரும் கேட்கவில்லை. இப்போது என்ன ஆகும்?

#7 இரட்டையர்அப்பா

பதறாதீர்கள், இன்னும் நேரம் இருக்கிறது. மடி டிக்கெட் இரண்டாவது பிறந்தநாள் வரைதான். அதற்குப் பிறகு பறக்கும் ஒவ்வொரு விமானத்திலும் தனி இருக்கை கட்டாயம். பன்னாட்டு விமானங்களில் மடிக் குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் 10 சதவீதம்தான் வாங்குவார்கள், தனி இருக்கை என்றால் தொகை பல மடங்கு ஏறும். விமான நிறுவனத்துக்கு நேரடியாகப் பேசி, திரும்பும் பயணத்துக்கு மட்டும் குழந்தை டிக்கெட்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இன்றே பேசுங்கள். கிளம்பும் நாளன்று கவுண்ட்டரில் நின்று பேசினால் அன்றைய விலைதான், அதுவும் இருக்கை மிச்சம் இருந்தால்.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. தனி இருக்கை என்றால் பல நிறுவனங்களில் அவளுக்கும் பெரியவர்களுக்கு உள்ள அதே பெட்டி அளவு கிடைக்கும். போகும்போது மடிக் குழந்தைக்கு எத்தனை கிலோ என்பது டிக்கெட்டுக்கு டிக்கெட் மாறும். உங்கள் டிக்கெட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள்.

#8 கைப்பைக்காரி

கார் சீட் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் சொல்கிறேன், எடுத்துப் போகாதீர்கள்.

காரணம் இருக்கிறது. போகும்போது அவளுக்குத் தனி இருக்கை இல்லை, அதனால் கேபினில் பயன்படாது. சரக்கில்தான் போட வேண்டும். கார் சீட்டின் உள்ளே அடியைத் தாங்கும் நுரை இருக்கிறது. உயரத்திலிருந்து விழுந்தால் அதில் வெடிப்பு விழலாம், வெளியே துணி மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் அதில் பிள்ளையை உட்கார வைத்துக் காரில் போவீர்கள். இன்னொன்று, ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற சீட் வேறொரு நாட்டுச் சட்டப்படி செல்லாமல் போகலாம். உங்களுடையது ஆர்44 அல்லது ஆர்129 என்ற ஐ.நா. பாதுகாப்பு விதியின் முத்திரை போட்டதாக இருந்தால், போகும் நாடு அந்த விதியை ஏற்கும் நாடுதானா என்று பாருங்கள். அமெரிக்காவில் விதி வேறு.

தம்பியிடம் அங்கேயே ஒன்று ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள்.

#9 மூட்டைதூக்கி

விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் பிரிவில் 6 வருடம் வேலை பார்த்தவன். மேலே சொன்னது பாதி சரி. நாங்கள் வேண்டுமென்று எதையும் எறிவதில்லை. ஆனால் பெல்ட்டிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து விமானத்துக்கு, அங்கே இறங்கி மறுபடி வண்டிக்கு, மறுபடி பெல்ட்டுக்கு என்று ஒரு பொருள் எத்தனை முறை கைமாறுகிறது பாருங்கள். மெல்லிய துணி உறைக்குள் போட்ட கார் சீட் அழுக்குப் படாது, அவ்வளவுதான். அடிக்கு அந்த உறை ஒன்றும் செய்யாது. வாங்கும்போது வந்த அட்டைப்பெட்டியும் உள்ளே வைத்த தடுப்புகளும் இருந்தால் அதில் போட்டு அனுப்புங்கள். அப்படி வருகிறவை நன்றாகவே போய்ச் சேரும்.

#10 கைப்பைக்காரி

அட்டைப்பெட்டியை யார் தூக்குவது? கை எத்தனை என்றுதானே இந்த இழையே ஆரம்பித்தது?

#11 மூட்டைதூக்கி

கவுண்ட்டர் வரை கணவர் தூக்குகிறார், அந்தப் பக்கம் தம்பி தூக்குகிறார். நடுவில் நாங்கள் தூக்குகிறோம். அவருக்கு அதில் வேலையே இல்லையே!

#12 கைப்பைக்காரி

அந்தப் பக்கம் பெட்டி வரும் பெல்ட்டுக்குள் தம்பியை விடுவார்களா? இரண்டு பெட்டி, அட்டைப்பெட்டி, ஸ்ட்ரோலர், ராத்திரி முழுக்கத் தூங்காத பிள்ளை. அங்கே டிராலியைத் தள்ளுவாரா, ஸ்ட்ரோலரைத் தள்ளுவாரா?

#13 பழையபயணி

இதற்கு விடை இருக்கிறது. பேபி கேரியர். பிள்ளை நெஞ்சிலோ முதுகிலோ கட்டுண்டு இருந்தால் கை இரண்டும் டிராலிக்கு. மடித்த ஸ்ட்ரோலர் பெட்டிகளுக்கு மேலே படுத்துக்கொள்ளும். 12 கிலோவைத் தாங்கும், இடுப்புப் பட்டை உள்ள கேரியராக இருக்கட்டும். துணியை மடித்துக் கட்டும் வகை இந்த எடைக்குத் தோளை அறுத்துவிடும்.

கார் சீட் விஷயத்தில் நானும் கைப்பைக்காரி பக்கம்தான். ஒரே எச்சரிக்கை: தம்பி யாரிடமாவது பழையது இரவல் வாங்கினால், விபத்தில் அடிபட்ட வண்டியில் இருந்ததா என்று தெரிந்தவரிடம் மட்டும் வாங்கட்டும். சீட்டின் அடியில் தயாரித்த தேதியும் பெரும்பாலும் காலாவதித் தேதியும் பதித்திருப்பார்கள், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

#14 தூங்காதவன்

ஒரு யோசனை. கிளம்புவதற்கு முன் கொஞ்சம் தூக்க மருந்து, சளி சிரப் மாதிரி ஏதாவது கொடுத்தால் 9 மணி நேரமும் நிம்மதி என்று ஒரு நண்பர் சொன்னார். யாராவது செய்திருக்கிறீர்களா?

#15 ஜன்னலோரம்

தயவுசெய்து வேண்டாம். தூக்கம் வரவைக்கும் அந்தச் சிரப்புகள் சில பிள்ளைகளுக்கு நேர் எதிராக வேலை செய்யும். தூங்குவதற்குப் பதில் தலைகால் புரியாமல் ஆடும். அப்படி ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கிறேன், நடுவானில் 5 மணி நேரம். அளவு கூடினால் மூச்சுக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லாமல் எதுவும் கூடாது.

இன்னொன்றும் கேட்காமலேயே சொல்லிவிடுகிறேன். மடியில் இருக்கும் பிள்ளையை உங்கள் பெல்ட்டுக்குள்ளேயே சேர்த்துக் கட்டாதீர்கள். பாசத்தில் நிறையப் பேர் செய்வார்கள். விமானம் திடீரென்று நின்றால் உங்கள் உடம்பின் எடை முழுக்கப் பிள்ளை மேல் விழும், பெல்ட் அதன் வயிற்றை நசுக்கும். பல நாட்டு விமானங்களில் பிள்ளைக்கென்று ஒரு குட்டி பெல்ட் தருவார்கள், உங்கள் பெல்ட்டில் ஒரு கண்ணி வழியாகக் கோத்துக்கொள்வது. அமெரிக்க விமான நிறுவனங்களில் அதற்கு அனுமதி கிடையாது, அங்கே கையால்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கேரியரில் கட்டியிருந்தாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் பெரும்பாலும் அவிழ்க்கச் சொல்வார்கள்.

அதேபோல இடம் மாற்றிக்கொள்ளும்போது எங்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒற்றை நடைபாதை விமானங்களில் பொதுவாக மூன்று இருக்கைக்கு மேலே நான்கு ஆக்சிஜன் முகமூடிதான் இருக்கும். அதாவது அந்த மூன்றில் ஒரு மடிக் குழந்தைக்குத்தான் இடம். "நம் இரண்டு பேருக்கும் குழந்தை இருக்கிறதே, பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம்" என்று வந்து உட்கார்பவர்களை எழுப்பும்போது எங்களைத்தான் திட்டுவார்கள்.

#16 மழலைமொழி

இரண்டு நாளாக எல்லாப் பதிவையும் கணவரும் நானும் உட்கார்ந்து படித்தோம். கார் சீட் வேண்டாம் என்று முடிவு, தம்பி அங்கே புதிது வாங்குகிறான். கைப்பெட்டி போய்விட்டது. திரும்பும் டிக்கெட்டை மாற்றச் சொல்லிப் பேசியாகிவிட்டது. வலித்தது, ஆனால் முடிந்தது.

மிச்சம் இருப்பது ஸ்ட்ரோலர். கேட் வரை தள்ளிக்கொண்டு போய் வாசலில் கொடுத்தால், இடையில் விமானம் மாறும்போது திரும்பக் கிடைக்குமா?

#17 மூட்டைதூக்கி

இது என் பாடம். விரிவாகச் சொல்கிறேன்.

கேட்டில் ஸ்ட்ரோலரில் ஒரு சீட்டு கட்டுவார்கள். அதில் இரண்டு விதம். ஒன்று, விமான வாசலிலேயே திரும்பக் கொடுக்க வேண்டியது. இன்னொன்று, கடைசி ஊர் வரை போய்ப் பெட்டிகளோடு பெல்ட்டில் வருவது. சீட்டு கட்டும்போதே கேளுங்கள், "எங்கே திரும்பக் கிடைக்கும்?" என்று. நீங்கள் கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கூட்டத்தில் அவர்களுக்கும் நேரம் இருக்காது.

வாசலில் தருவோம் என்று சொன்னாலும் அது இறங்கும் இடத்தைப் பொறுத்தது. பெரிய விமானங்களில் பெட்டிகள் பெரும்பாலும் கன்டெய்னர்களில் போகும். கடைசியில் வரும் ஸ்ட்ரோலர்கள் பின்பக்கம் உதிரிச் சாமான் போடும் சின்ன அறையில் போகும். அதை இறக்கி ஓர் ஆள் மேலே வாசல் வரை தூக்கி வர வேண்டும். பாலம் இல்லாமல் பஸ்ஸில் இறக்கிவிடும் இடமாக இருந்தால், ஆள் பற்றாக்குறையாக இருந்தால், அது வாசலுக்கு வராது. உங்களுக்கு 2 மணி 10 நிமிடம்தான். வரவில்லை என்றால் நின்று காத்திருக்காதீர்கள். அது வராது என்றே திட்டம் போடுங்கள், வந்தால் லாபம்.

பெரிய ஸ்ட்ரோலர் வேண்டாம் என்பதும் அதனால்தான். மடித்தால் 55 × 35 × 20 செ.மீ. அளவுக்குச் சுருங்கும் வகை இருக்கிறது, பல நிறுவனங்களில் அதைக் கேபினுக்குள்ளேயே கொண்டுபோக விடுவார்கள். எல்லா நிறுவனமும் விடாது, மேலே இடம் இருந்தால்தான். பெரியதை எடுத்துப் போனால், கழற்ற வருகிற எல்லாவற்றையும் கழற்றுங்கள். குடை, கோப்பை மாட்டி, தொங்கும் பொம்மை எல்லாம். மடித்தபின் திறந்துகொள்ளாமல் இருக்க ஒரு பட்டை கட்டுங்கள். உடைந்து வருபவற்றில் பெரும்பாலானவை தானாகத் திறந்துகொண்டு மாட்டியவைதான்.

#18 இரட்டையர்அப்பா

எனக்கு முன் சக்கரம் முறிந்து வந்தது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். களைப்பில் அப்படியே வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்து, பத்து நாள் கழித்து எழுதினேன். "7 நாளுக்குள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும்" என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரிதான், 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையில் அப்படித்தான் இருக்கிறது. சேதத்துக்கு 7 நாள், தாமதமாக வந்த பெட்டிக்கு 21 நாள். பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியே வருமுன் அங்கேயே கவுண்ட்டரில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். கேட்டில் ஒப்படைக்கும்போது ஸ்ட்ரோலரை ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் வாதம் சுருக்கமாக முடியும். பெரிய பெட்டிகளையும் படம் எடுங்கள். "கறுப்பு, நடுத்தர அளவு" என்று சொன்னால் அங்கே இருக்கும் பாதிப் பெட்டி அதுதான்.

#19 கைப்பைக்காரி

முதுகுப்பைக்குள் எப்படி அடுக்குவது என்று யாரும் சொல்லவில்லை. எனக்கு இதில் கொஞ்சம் பைத்தியம் உண்டு.

டயப்பர் கணக்கு: வீட்டு வாசலிலிருந்து தம்பி வீட்டு வாசல் வரை எத்தனை மணி நேரம்? முன்னால் 3, பறப்பது 13, நடுவில் 2, பின்னால் 2. இருபது. இரண்டு மணிக்கு ஒன்று என்றால் 10. தாமதத்துக்கு இன்னும் 5. அதற்கு மேல் வேண்டாம், மிச்சமெல்லாம் பெரிய பெட்டியில்.

அந்த 15-ஐயும் ஒரே கட்டாக வைக்காதீர்கள். ஒரு டயப்பர், நாலைந்து வைப்ஸ், அழுக்குப் போட ஒரு கவர், இவற்றை ஒரு சிப் பைக்குள் போட்டால் ஒரு மாற்றலுக்கு ஒரு பொட்டலம். விமானக் கழிவறையைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? பிள்ளை மாற்றும் பலகை கழிவறைத் தொட்டிக்கு மேலே மடிந்து இறங்கும், எல்லாக் கழிவறையிலும் அது இருக்காது. முதுகுப்பையோடு உள்ளே போனால் கதவைச் சாத்த முடியாது. பொட்டலத்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பிள்ளையை மட்டும் தூக்கிப் போங்கள்.

பிள்ளைக்கு மாற்றுடை இரண்டு என்று எல்லோரும் வைப்பார்கள். உங்களுக்கு ஒரு மேல்சட்டை வைத்தீர்களா? வாந்தி யார் மேல் எடுக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அப்புறம் பைக்குள் இன்னொரு சின்னப் பை. உட்கார்ந்ததும் அதை மட்டும் வெளியே எடுத்து முன்னிருக்கைப் பையில் செருகுங்கள். இரண்டு பொட்டலம், குடிக்கும் கோப்பை, தின்பண்டம், ஒரு பொம்மை, வைப்ஸ். முதுகுப்பை மேலே போய்விடட்டும்.

#20 பழையபயணி

பாதுகாப்புச் சோதனையில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். ஸ்ட்ரோலரை மடித்து எக்ஸ்ரேயில் விடச் சொல்வார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொள்ள வேண்டும், பல இடங்களில் கேரியரையும் அவிழ்க்கச் சொல்வார்கள். ஒரு கையில் பிள்ளை இருக்க மறு கையால் ஸ்ட்ரோலரை மடிக்க வருமா? வராவிட்டால் வீட்டில் பழகுங்கள். திரவம் 100 மி.லி. என்பது பொதுவான எல்லை, குழந்தையின் பாலுக்கும் உணவுக்கும் பயணத்துக்குத் தேவையான அளவு விலக்கு உண்டு. ஆனால் தனியாக எடுத்துக் காட்ட வேண்டும், பையின் உச்சியில் வையுங்கள். பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் இரண்டும் கழுத்தில் தொங்கும் பையில். மகளுக்கும் தனிப் பாஸ்போர்ட்தான், மறந்துவிடாதீர்கள். தகப்பன் இல்லாமல் போகிறீர்கள், சில நாடுகளில் அவர் சம்மதக் கடிதம் கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு ஒத்திகை பாருங்கள். எல்லாவற்றையும் நிஜமாகவே அடுக்கி, மாட்டி, பிள்ளையையும் தூக்கி, ஒரு மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

#21 மழலைமொழி

ஒத்திகை பார்த்தோம். கணவர் வீடியோ எடுத்தார், அதை யாருக்கும் காட்டுவதாக இல்லை.

கனமான டயப்பர் பையை (ஆமாம், விட மனமில்லாமல் வைத்திருந்தேன்) ஸ்ட்ரோலரின் கைப்பிடியில் மாட்டியிருந்தேன். மகளைத் தூக்கிய அடுத்த நொடி வண்டி பின்பக்கமாகக் கவிழ்ந்தது. தண்ணீர்க் குடுவை உருண்டு படிவழியே கீழ் வீடு வரை போனது. அவளுக்கு ஒரே குதூகலம், மறுபடி செய் என்கிறாள்.

டயப்பர் பைக்கும் விடை கொடுத்தாயிற்று.

#22 ஜன்னலோரம்

நல்லவேளை வீட்டிலேயே கவிழ்ந்தது. கடைசியாக ஒன்று, காது. ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் பிள்ளைகளுக்கு வலி. தரையிறங்குவதற்குச் சுமார் அரை மணி நேரம் முன்பே கீழே இறங்கத் தொடங்கிவிடுவோம். அப்போதிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வையுங்கள். விழுங்கும்போதுதான் காதுக்குள் காற்று சமப்படும். பாலை முழுக்க மேலே ஏறும்போதே கொடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும், அதனால் நான் எழுப்பச் சொல்வேன். எழுப்பினால் அடிக்க வரும் பிள்ளை என்றால் உங்கள் இஷ்டம். சளி பலமாக இருந்தால் முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள்.

#23 இரட்டையர்அப்பா

முதல் ஆளாக ஏறச் சொல்வார்கள், குழந்தை உள்ளவர்கள் வரலாம் என்று. இரண்டு பேர் போனால் ஒருவர் சாமானோடு முதலில் ஏறி, மற்றவர் பிள்ளையைக் கடைசி நிமிடம் வரை வெளியே ஓடவிடுவது நல்லது. தனியாக என்றால் முதலிலேயே ஏறுங்கள். ஸ்ட்ரோலர் மேலே போக இடம் வேண்டுமே.

#24 மழலைமொழி

வந்து சேர்ந்து ஐந்து நாளாகிறது. இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது.

சின்ன ஸ்ட்ரோலர் ஒன்று இரவல் வாங்கினேன். முதல் விமானத்தில் கேபினுக்குள் விட்டார்கள். இரண்டாவதில் கேட்டில் நின்றவர் முடியாது என்று சொல்லிச் சீட்டு கட்டினார். எங்கே கிடைக்கும் என்று கேட்டேன், "பெல்ட்டில்" என்றார். மூட்டைதூக்கி சொல்லாமல் இருந்திருந்தால் இறங்கியதும் வாசலில் நின்று தேவுடு காத்திருப்பேன். கேரியரில் கட்டிக்கொண்டு நேராக நடந்தேன். டிராலிக்குக் கை இரண்டும் மிச்சம் இருந்தது. பக்கத்தில் ஓர் அப்பா கார் சீட், இரண்டு கைப்பெட்டி, அழும் பிள்ளை எல்லாவற்றோடும் நின்றிருந்தார். ஒரு பெட்டியை என் டிராலியில் ஏற்றிக்கொண்டேன் என்றால் பாருங்கள்!

டயப்பர் 11 ஆனது. என் மேல்சட்டை தேவைப்பட்டது, முதல் விமானத்தின் இருபதாவது நிமிடத்தில். கைப்பைக்காரி, உங்களுக்கு ஒரு கும்பிடு. காதுக்காக எழுப்பினேன், அடிக்கவும் வந்தாள், ஆனால் குடித்தாள். 9 மணி நேரத்தில் தூங்கியது மூன்றரை மணி. மீதி நேரம் பின்னிருக்கைக்காரரின் கண்ணாடியைப் பறிக்கப் பார்த்தாள், பாவம் மனிதர் பொறுமைசாலி.

சரியாகப் போகாதது பொம்மைப் பை. அவள் உண்மையாகவே தூக்கினாள், இரண்டு விமான நிலையம் முழுக்க. நானே அதை எக்ஸ்ரே தட்டில் மறந்துவிட்டு வந்துவிட்டேன்.

திரும்பும்போது அவளுக்குத் தனி இருக்கை. கார் சீட் தம்பியிடமே இருக்கும். இருக்கை பெல்ட் மட்டும் போதுமா?

#25 தூங்காதவன்

தூக்கினாளா! தோற்றேன்.

#26 ஜன்னலோரம்

இரண்டு வயதுக்கு மேல் விமான இருக்கை பெல்ட் மட்டுமே போதும் என்று விதி அனுமதிக்கும், ஆனால் அந்த இடுப்பு பெல்ட் அவள் உடம்புக்குத் தளர்வாகத்தான் இருக்கும். இதற்கென்றே கேர்ஸ் என்ற பெயரில் தோள்பட்டை வார் ஒன்று விற்கிறார்கள். 10 முதல் 20 கிலோ வரை, ஒரு மீட்டர் உயரம் வரை உள்ள பிள்ளைகளுக்கு. அரைக் கிலோ கூட இருக்காது, முதுகுப்பையில் அடங்கும். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அங்கீகாரம் பெற்றது. உங்கள் நிறுவனம் ஏற்குமா என்று முன்பே எழுதிக் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் நிற்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அவளுக்கு ஜன்னல் இருக்கை வாங்குங்கள், அவசர வழி வரிசை கூடாது. வாரை அவள் இருக்கையின் முதுகைச் சுற்றிப் போட வேண்டும். பின்னிருக்கைக்காரரின் தட்டு மேசையை இறக்கி அதற்கு அடியில் செலுத்துவீர்கள். அதனால் முதலிலேயே ஏறி, அவர் வருவதற்குள் மாட்டிவிடுங்கள்.

#27 மழலைமொழி

மறுபடியும் அந்தக் கண்ணாடிக்காரரே பின்னால் வராமல் இருக்க வேண்டும். நிறுவனத்துக்கு இப்போதே எழுதுகிறேன்.